காசு கொடுத்துக் கற்றுத் தருகிறார்களாம், மகளை அனுப்பலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் பாம்பன் பக்கம் மீனவக் குடும்பம். நான் பாசி எடுக்கப் போகிறேன், வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறார். மூத்த மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுப் பள்ளி, உயிரியல் பிரிவு, நல்ல மார்க். வயது 17. எந்நேரமும் போனில் கடலைப் படம் எடுப்பதும், அதற்குக் குரல் கொடுத்து வீடியோ செய்வதும்தான் அவளுக்கு வேலை. மண்டபம் பக்கம் கடல் பாதுகாப்பு வேலை செய்கிற ஓர் அமைப்பில், பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வருடப் பயிற்சி என்கிறார்கள். கடல்புல், பவளப்பாறை கணக்கெடுப்பு, ஒலிப்பதிவு, கேமரா, கம்ப்யூட்டரில் எடிட்டிங் எல்லாம் சேர்த்து. மாதம் 7,500 ரூபாய் அவர்களே தருவார்களாம். ராமநாதபுரம் டவுனில் ஒரு ஸ்டுடியோக்காரர், "இங்கே அனுப்புங்க, ஒரு வீடியோவுக்கு 200 ரூபாய் தர்றேன், வேலையும் கத்துக்கும்" என்கிறார். இன்னொரு இடத்தில் 45,000 கட்டினால் மீடியா கோர்ஸ், வேலைக்கு உத்தரவாதம் என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு எதிலும் இஷ்டம் இல்லை. "படிக்கிற பிள்ளைக்கு எவனாவது சும்மா காசு கொடுப்பானா? பேசாம காலேஜ்ல சேரு" என்கிறார். சயின்ஸா மீடியாவா என்று முடிவு பண்ணாமல் ரெண்டிலும் கால் வைத்தால் ரெண்டும் போய்விடும் என்று என் தம்பி பயமுறுத்துகிறான். லேப்டாப் வேறு வாங்கணுமாம். கடலுக்குப் போகிற வேலை, பெண் பிள்ளை, அதுவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டிருப்பது நல்ல கேள்வி. கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு எதற்காக ஒருவர் காசு கொடுக்க வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்தால், உங்கள் முன்னால் இருக்கும் மூன்று வழிகளில் எது உருப்படி என்பது தானாகவே தெரிந்துவிடும். பிள்ளைகளைத் தொழிற்பழகுநர் பயிற்சியில் சேர்த்துவிடுவதும், சேர்ந்த பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதும் என் வேலை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொழில் பழக வருகிறவருக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்பது நம் நாட்டில் 1961-லேயே சட்டமாகிவிட்டது. தொழிற்பழகுநர் சட்டம் என்று பெயர். பேச்சில் அப்ரண்டிஸ் சட்டம் என்போம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 பேர் முதல் 29 பேர் வரை இருக்கிற இடங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2019-ல் விதிகளைத் திருத்தியபோது, மாத உதவித்தொகை இதற்குக் குறையக் கூடாது என்று படிப்புக்குத் தகுந்தபடி நிர்ணயித்தார்கள்: பத்தாவது முடித்தவருக்கு 6,000, பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் கூடி, இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று பரிந்துரை செய்தது. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடுகிற அன்று நடப்பில் இருக்கும் தொகை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் 7,500 அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

அதே சட்டத்தில் 13ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு. பழகுநருக்கு உருப்படிக் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது, அதிகம் செய்தால் அதிகம் தருவேன் என்கிற ஊக்கத்தொகைத் திட்டத்திலும் அவரைச் சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. உங்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். நீங்கள் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தாலும் கட்டக்கோரை எடுத்தாலும் எடை போட்டுத்தான் காசு. கை நிறையப் பாசி வந்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். இன்று நிதானமாக ஒரு புது முறையைப் பழகிப் பார்க்கலாம் என்று உங்களால் நினைக்க முடியுமா? கிலோவுக்குக் காசு என்றால் கற்றுக்கொள்ள நேரமே கிடைக்காது. மாதம் இவ்வளவு என்று நிலையாக வந்தால்தான் ஒரு பிள்ளை தப்பாகச் செய்து, அழித்து, மறுபடி செய்து பழக முடியும். உதவித்தொகை என்பது அந்த நேரத்துக்கான காசு. யாரும் சும்மா தருவதில்லை, தர்மமும் இல்லை. அவள் கற்றுக்கொள்ளும் நேரத்தில் வீட்டுக்கு வராமல் போகிற கூலியை ஈடுகட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள்.

இதை உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். நம் கடற்கரையில் பெண் பிள்ளைகள் படிப்பையோ பயிற்சியையோ பாதியில் விடுவதற்கு நான் கேட்கிற காரணங்களில் ‘ஆர்வம் இல்லை’ என்பது அபூர்வம். தடைக்காலம் வந்து 61 நாள் விசைப்படகு ஓடவில்லை, அப்பாவுக்கு வேலை இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் பிள்ளை இறால் கம்பெனிக்குப் போய்விட்டாள் என்பதுதான் வழக்கமான கதை. மாதம் ஏழாயிரமோ எட்டாயிரமோ நிலையாக வந்தால் அந்தப் பிள்ளை நிற்பாள்.

இப்போது ஸ்டுடியோ. ஒரு வீடியோவுக்கு 200 ரூபாய் என்றால் அது உருப்படிக் கூலி, பயிற்சி ஆகாது. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் முகூர்த்த மாதத்தில் அவருக்கு வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகள் கல்யாண வீடியோவில் ஒரே மாதிரி வெட்டி ஒட்டுவதில் கை வேகம் பெறுவாள். ஒளி ஏன் அப்படி விழுகிறது, சத்தம் ஏன் கரகரக்கிறது என்று உட்கார்ந்து சொல்லித்தர அங்கே ஆள் இருக்காது. கல்யாண வேலை ராத்திரியில் நீளும். சட்டப்படி பதிவான பழகுநரை, தனி அனுமதி இல்லாமல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வேலை வாங்கக் கூடாது. ஸ்டுடியோவில் எடுபிடியாக நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

45,000 ரூபாய் கோர்ஸ் வேண்டவே வேண்டாம். வேலைக்கு உத்தரவாதம் என்று வாயால் சொல்கிறவரிடம் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். வட்டிக்கு வாங்கிக் கட்டி, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆக, நாம் பேச வேண்டியது மண்டபத்துப் பயிற்சியைப் பற்றித்தான். முதலில் உங்கள் தம்பியின் பயம். சயின்ஸும் மீடியாவும் ரெண்டு வேறு வேறு தோணி, இரண்டிலும் கால் வைக்க முடியாது என்று அவர் நினைக்கிறார். கடலில் நடக்கிற வேலையைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டார்.

ஒலிப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இறக்குகிற ஒருவகை மைக் இருக்கிறது, ஹைட்ரோஃபோன் என்பார்கள். அதைப் பவளப்பாறை பக்கம் இறக்கி ஹெட்போனில் கேட்டால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இடைவிடாமல் ஒரு சத்தம் வரும். கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்புகிற ஒருவகைச் சின்ன இறால்களின் சத்தம் அது. உயிரோட்டமான பாறையில் இந்த இறாலும் மீன்களும் எழுப்பும் சத்தங்கள் விதவிதமாகக் கேட்கும், செத்துக்கொண்டிருக்கிற பாறையில் அது குறையும். அதனால் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பாறையின் உடல்நிலையை அறிய அதன் சத்தத்தையும் கேட்கிறார்கள். இதைப் பதிவு செய்யப் போகிற பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒலியை ஒரு நொடிக்கு 48,000 தடவை அளந்து பதிந்தால், நொடிக்கு 24,000 அதிர்வு (ஹெர்ட்ஸ்) வரைக்கும் உள்ள ஒலிதான் பதிவாகும் என்கிற இயற்பியல் தெரிய வேண்டும். படகு எஞ்சினை அணைக்காமல் பதிவு செய்தால் அது வீண் என்று தெரிய வேண்டும். அப்புறம் மிக முக்கியமாக, நோட்டில் எழுதத் தெரிய வேண்டும்: தேதி, நேரம், இடம், ஆழம், தண்ணீரின் வெப்பநிலை, ஏற்றமா வற்றமா, என்ன காற்று, ஃபைலின் பெயர். இந்த ஒரு வரி எழுதாமல் விட்டால் அந்தப் பதிவு காதுக்கு இனிமையாக இருக்கும், ஆராய்ச்சிக்கு உதவாது. எழுதிவிட்டால் அதே பதிவு வானொலி நிகழ்ச்சிக்கும் போகும், ஆய்வறிக்கைக்கும் போகும்.

படம் எடுப்பதும் இப்படித்தான். கடலுக்குள் கொஞ்சம் இறங்கியதுமே சிவப்பு நிறம்தான் முதலில் மறையும். தண்ணீர் சிவப்பு ஒளியைச் சீக்கிரம் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் போனில் எடுத்த படம் எல்லாம் நீலமாக வருகிறது. இது தெரியாமல் எடிட்டிங்கில் கண்டபடி நிறம் ஏற்றினால், வெளிறிப்போன பவளம் நல்ல பவளம் மாதிரித் தெரியும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் வெப்பம் ஏறிப் பவளப்பாறைகள் வெளிறின. எவ்வளவு வெளிறியது, எவ்வளவு தேறியது என்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்தான் சாட்சி. அங்கே நிறத்தை மாற்றுவது கணக்கை மாற்றுவதற்குச் சமம். கடல்புல் கணக்கெடுப்பில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்து, அதில் எத்தனை சதவீதம் புல், எந்த வகை என்று எண்ணுவார்கள். கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் சதவீதம் தப்பாகும். நல்ல புகைப்படக்காரியும் நல்ல உயிரியல் மாணவியும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய வேலை இது.

கரையில் நடக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் மூலம் கடலின் வெப்பநிலையையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் எங்கே கூடும், அலை எவ்வளவு எழும் என்று தகவல் அனுப்புகிறது. அந்தத் தகவல் மீட்டரிலும் டிகிரியிலும் இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றை வைத்துப் பேசுவார். இரண்டு பேச்சும் தெரிந்து, ஒன்றை மற்றொன்றாகச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. பாம்பனில் 2016 முதல் 90.4-ல் ஒலிக்கிற கடல் ஓசை சமுதாய வானொலியை நீங்களே கேட்டிருப்பீர்கள். கடல் சொல்கிறதை மக்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்கு அது நம் ஊரிலேயே இருக்கிற ஆதாரம். உங்கள் மகளுக்கு அப்பாவின் பேச்சு பிறந்ததிலிருந்தே தெரியும். மற்றதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்த ஒரு வருடம். வெளியூரிலிருந்து வரும் பட்டதாரிக்கு அவள் அப்பாவின் பேச்சு வர எத்தனை வருடம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து இப்படி அறிவியலையும் கலையையும் பழக்குவது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1969-ல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கியபோதே, பள்ளிப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்து, வருகிறவர்களுக்குச் சோதனைகளை விளக்கச் சொன்னார். சிகாகோவில் 1991-ல் நகரின் நடுவே சும்மா கிடந்த ஒரு மனையில் கூடாரம் போட்டு, இளைஞர்களைக் கலைஞர்களிடம் பழகுநர்களாகச் சேர்த்துக் காசும் கொடுத்தார்கள். பெண்களுக்கென்றே ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் விமன்ஸ் ஆடியோ மிஷன் 2003-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. பாட்டும் மைக்கும் காட்டினால் பெண் பிள்ளைகள் மின்னணுவியலுக்கு ஆசையோடு வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. உங்கள் மகள் போனும் கையுமாகக் கடற்கரையில் நிற்பதைப் பார்த்தால், எனக்கும் அந்த நம்பிக்கை வருகிறது.

சரி, இனி காகிதம். மண்டபத்து அமைப்பிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, இது சட்டப்படி பதிவாகிற தொழிற்பழகுநர் பயிற்சியா, அல்லது அவர்களே நடத்துகிற பயிற்சியா என்பது. பதிவாகிறது என்றால் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் ஒப்பந்தம் ஏறும், அதற்கு ஓர் எண் வரும். மகளுக்கு 18 ஆகாததால் ஒப்பந்தத்தில் நீங்களோ வீட்டுக்காரரோ காப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும்போது வீட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகத்தை எல்லாம் அவர் நேரிலேயே கேட்கட்டும். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் வந்தால் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசிடமிருந்து நேராக அவள் கணக்குக்கு வரும், மீதி நிறுவனத்திடமிருந்து. ஆகவே மாதம் இரண்டு வரவாகத் தெரியலாம், குழம்ப வேண்டாம். அவள் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். உங்கள் கணக்கிலோ தம்பி கணக்கிலோ வாங்காதீர்கள். ஒரு மாத உதவித்தொகை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி.

நான்கு பேருக்கும் குறைவாக வேலை செய்கிற சின்ன அமைப்பு என்றால் இந்தச் சட்டத்துக்குள் வர முடியாது. அதனாலேயே அது மோசம் என்று சொல்லிவிட முடியாது, இந்தக் கரையில் மிக நல்ல வேலை செய்கிற சின்ன அமைப்புகள் உண்டு. அப்போது கடிதமாக எழுதி வாங்குங்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மாதம், வாரம் எத்தனை மணி நேரம், யார் சொல்லித்தருவார், மூன்றாவது மாத முடிவில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும், ஆறாவது மாதம் என்ன, விபத்து நடந்தால் செலவு யாருடையது. சொல்லித்தரப் போகிறவரின் பெயரை அந்தக் கடிதத்தில் கேளுங்கள். "எங்க டீம் பார்த்துக்கும்" என்று பதில் வந்தால், நான் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்பேன். சொல்லித்தர ஒரு ஆள் இல்லாத பயிற்சி, காசு கொடுத்தாலும் பயிற்சி ஆகாது. இது எந்தத் திட்டத்தில் வரும் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் ராமநாதபுரத்தில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பழகுநர் பயிற்சியைக் கவனிக்கிற வேலை அவர்களுடையது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும்தான். எழுதச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தாலும் அதற்காக விட்டுவிட வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, கடற்பாசி ஆராய்ச்சிக்கு மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள், வனத்துறையின் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இங்கெல்லாம் களத்துக்கு ஆள் எடுக்கும்போது, கடலும் தெரிந்து கணக்கும் எழுதிப் படமும் எடுக்கிற உள்ளூர்ப் பெண்ணுக்குப் பேச ஏதாவது கையில் இருக்கும்.

அடுத்தது பாதுகாப்பு. கடலில் இறங்குவது உங்களுக்குப் புதிதில்லை. விரலில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு பாறைக்குள் போய்வருகிறவர் நீங்கள். அதனால் இந்தப் பகுதியில் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே கேள்வி கேட்கத் தெரியும். லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று வாயால் கேட்காமல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 18 வயது முடியும் வரை அவள் ஆழத்தில் இறங்கும் வேலை வேண்டாம், கரை வேலையும் எடிட்டிங்கும் ஆழமில்லாத இடத்தில் சதுரச் சட்டம் வைத்துப் புல்லை எண்ணுகிற வேலையும் போதும் என்று எழுதி வாங்குங்கள். படகில் போகிற நாளில் இன்னொரு பெண்ணாவது கூட இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கடலில் இருப்பார்கள், கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு, மாதவிலக்கு நாளில் கடலுக்குப் போகாமல் இருக்கலாமா, இதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று அர்த்தம்.

வேலையிடத்தில் பெண்களுக்குத் தொல்லை நேர்வதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பணியாளர்’ என்பதில் பழகுநரும் பயிற்சியாளரும் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். உங்கள் மகளுக்கு 18 ஆகாததால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அவள் போனில் பதிந்து கொடுங்கள், பெண்களுக்கான 181-ஐயும் பதிந்து கொடுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுப் பகுதிக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அமைப்பிடம் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரோன் பறக்கவிடுவார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, பக்கத்திலேயே சர்வதேசக் கடல் எல்லை. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் மாட்டிக்கொள்வது கையில் ரிமோட் வைத்திருக்கிற பிள்ளைதான்.

இதோடு சேர்த்து நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மகள் இந்த வேலைக்குப் போனால் கட்டாயம் ஒருநாள் கேமராவை உங்கள் பக்கம் திருப்புவாள். பாசி எடுக்கிற பெண்களைப் படம் எடுக்க அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? 2015-ல் பாசி எடுக்கிற சின்னப்பாலத்து லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காக்கிறவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீக்காலஜி விருது கிடைத்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் படும் பாட்டை வெளியே சொல்ல வேண்டியதும் நியாயம். ஆனால் போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் எடுத்த இடமும் நேரமும் உள்ளே பதிவாகி இருக்கும். தீவுப் பக்கம் பாசி எடுப்பதில் பூங்காச் சட்டத்தால் உங்களுக்கெல்லாம் இருக்கிற சிக்கல் எனக்குத் தெரியும். நல்லெண்ணத்தோடு எடுத்துப் போட்ட ஒரு படம், எந்தப் பெண் எந்த நாளில் எங்கே நின்றாள் என்று காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே படத்தில் இருக்கிறவரிடம் சம்மதம் கேட்பது, இருப்பிடப் பதிவை அணைப்பது, முகம் தெரிய வேண்டாம் என்றால் தெரியாமல் எடுப்பது, இவையும் பாடத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் பெண்கள் குழுவே அதைச் சொல்லித்தரலாம். அவள் எடுத்த படத்திலும் ஒலியிலும் அவள் பெயர் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பழகுகிறவள்தானே என்று பெயரை விட்டுவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

கடைசியாகக் கல்லூரி. இதில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நானும் நிற்கிறேன், கொஞ்சம் வேறு மாதிரி. பயிற்சி ஒரு வருடம், படிப்பு அதற்குப் பிறகும் வேண்டும். பெண் பிள்ளை ஒரு வருடம் இடைவெளி விட்டால் ‘இனிமே எதுக்குப் படிப்பு, வரன் பார்க்கலாம்’ என்று பேச்சு கிளம்பிவிடும். அதனால் பயிற்சி முடிகிற தேதியை மே மாதத்துக்குள் வருகிற மாதிரி ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்த வருடச் சேர்க்கைக்குச் சரியாக இருக்கும். அஞ்சல் வழியில் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டே பயிற்சிக்கும் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது. நேரில் போய்ப் படிப்பதே அவளுக்கு நல்லது என்பது என் எண்ணம்.

அந்த ஒரு வருடத்தில் அவளுக்கே தெரிந்துவிடும், தன் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று. கடலியல் பக்கம் போனால் தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, பட்டம் முடித்த பிறகு அங்கே போகலாம், நம் மாவட்டத்துக் கரையிலேயே. மீன்வளம் என்றால் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி. ஒலிப்பதிவோ படத்தொகுப்போதான் என்று உறுதியாகத் தெரிந்தால் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், அங்கே இரண்டுமே பட்டப்படிப்பு. பிளஸ் டூ முடித்த கையோடு இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று 17 வயதுப் பிள்ளையை நெருக்குவதைவிட, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்க விடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அமைப்பு நல்லதாக இருந்து, மேலே சொன்னவை எழுத்தில் கிடைத்தால், தாராளமாக அனுப்புங்கள்.

லேப்டாப் இப்போது வாங்காதீர்கள். பயிற்சிக்கு வேண்டிய கருவிகளைத் தர வேண்டியது பயிற்சி தருகிறவரின் பொறுப்பு. சொந்தமாக வாங்கி வரச் சொன்னால் அதற்கு என்ன காரணம் என்று கேளுங்கள். ஒலியைத் தொகுக்க ஆடாசிட்டி என்ற மென்பொருளும், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் என்பதும் காசில்லாமலே கிடைக்கும். அமைப்பின் கம்ப்யூட்டரிலேயே பழகட்டும். ஆறு மாதம் கழித்து, எந்த வேலையை அதிகம் செய்கிறாள் என்று பார்த்து, அவள் உதவித்தொகையில் சேர்த்த பணத்தில் அதற்குத் தகுந்ததை அவளே வாங்கட்டும். இப்போதைக்கு இருக்கிற போனுக்குத் தண்ணீர் புகாத உறை ஒன்றும், உப்புக் காற்றில் கருவிகளைத் துடைக்க நல்ல துணியும் போதும். ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.